இணைப்பு இன்னும் திறக்கவில்லை

உவர்மலை,
திருகோணமலை.
வியாழன் மத்தியானம்.

கனடா தேசத்தையும் அதன் பனிமலைகளையும் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஆண்டுவரும் என் மருமகள் கீர்த்தனிக்கு,

துறைமுகக் கந்தோரின் ஓய்வுபெற்ற சிங்கம், உன் தாய்மாமன் சிவகுருநாதன் எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம், அவவின் குரல் அதைவிட நலம். நீயும் இராகுலனும் சின்ன மகாராணியும் நலமாயிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை மின்னஞ்சலின் வயிற்றுக்குள்ளேயே தட்டுகிறேன். இணைப்பாக அனுப்பமாட்டேன். இணைப்பு என்று யாராவது சொன்னாலே எனக்கு இப்போது காய்ச்சல் அடிக்கிறது.

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் வீடியோவை அனுப்பியிருந்தாய். வட்ஸ்அப்பில் போட்டால் படம் மங்கிவிடும், அதனால் மெயிலில் அனுப்புகிறேன், அம்மா பார்ப்பாவோ தெரியாது என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னைப் போருக்கு அனுப்பியது.

உன் அம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும். அவ பார்த்து வைத்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு, ஈச்சிலம்பற்றுப் பொடியன் இராகுலனைக் கனடாவிலேயே பதிவு செய்து கட்டினாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் பெயருக்குத் தடை. உன்னோடு கதையும் இல்லை. கட்டாயம் சொல்ல வேண்டி வந்தால் "கனடா" என்பா. "கனடாவுக்குத் தடிமனாம், சுகமாயிட்டுதோ?" என்று சுவரைப் பார்த்து விசாரிப்பா. சுவருக்குப் பதிலாக நான் மறுமொழி சொல்வேன்.

அதனால் மெயில் வந்ததும், குசினிக்குக் கேட்கும்படி, "கனடாவில இருந்து பிள்ளையின்ர படம் வந்திருக்கு!" என்று முழங்கினேன். அக்கா சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தவ. "எனக்கென்ன?" என்றா. ஆனால் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

இணைப்பை அமத்தினேன். இந்தக் கோப்பைத் திறக்க ஏலாது என்றது கணினி. என் வயதுக்கும் பதவிக்கும் மரியாதையில்லாமல் சொன்னது. மறுபடியும், கொஞ்சம் கோபமாக அமத்தினேன். அதே பதில். சரி, முதலில் சேமிப்போம் என்று சேமித்தேன். சேமித்துவிட்டேன் என்றது, எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. கணினியை நிறுத்தி, வயரைக் கழற்றி, மறுபடி கொழுவினேன். உள்ளே விசிறி போட்ட இரைச்சலில், சீனன்குடாவில் விமானம் இறங்குகிறதாக்கும் என்று வாசலில் நின்ற நம் ஊர்த் தெரு மான்கள் சிதறி ஓடின. அந்த நேரத்துக்குள் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்கள் ஏழெட்டு வந்து, சரக்கு முழுவதையும் இறக்கிவிட்டுப் போயிருக்கும். என் கோப்பு மட்டும் இறங்கவில்லை.

அக்கா விளக்குமாறோடு வந்தா. காலையில் கூட்டிய அறையை மறுபடி கூட்டினா. பிறகும் கூட்டினா. சீமெந்து தேய்ந்து கீழே பாதாள லோகம் தெரிகிற கட்டத்தில்தான் வாய் திறந்தா.

"திறபட்டுதோ?"

"இல்லை அக்கா."

"கந்தோரில கொம்பியூட்டரோடயே இருந்தனான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறாய். ஒரு படம் திறக்க ஏலாதே உனக்கு?"

"உங்களுக்கென்ன அக்கா அதில?"

"எனக்கொண்டுமில்லை. கரண்ட் வீணாப் போகுது."

மறுநாள் காலை, பிரதான வீதியில் போன் கடை வைத்திருக்கும் என் நண்பன் முனீபிடம் படையெடுத்தேன். அவன் என் போனில் உன் மெயிலைப் பார்த்துவிட்டு, இது புதுப் போனில் எடுத்த வீடியோ, உங்கள் கணினி பழசு, அதற்கு இந்த வகை விளங்காது, போனிலேயே பாருங்கள் என்றான். போனில் இறக்கினால் பாதியில் நின்றது. சேமிக்க இடமில்லையாம்.

"அண்ணன், கோப்பில பிழை இல்ல. உங்கட போன்தான் நிறைஞ்சு போய் இரிக்கி. இதென்ன, முழுக்க நீங்களே நிண்டு பேசிட்டு இரிக்கிற வீடியோ?"

எல்லாம் கலியாண வீடுகளில் நான் ஆற்றிய வாழ்த்துரைகள், வரலாற்று ஆவணங்கள், என் பேச்சு முடியும்வரை ஒரு மனிதன் கதிரையை விட்டு எழும்பியதில்லை என்றேன்.

"நீங்க எழும்ப விட்டாத்தானே! சோறு ஆறிப் போன கலியாணமெல்லாம் எனக்கு ஞாபகம் இரிக்கி."

கீர்த்தனி, உன் மகளுக்காக அத்தனையையும் அழித்தேன். என் கையால், ஒவ்வொன்றாக. முனீப் பிளேன்ரீ வாங்கித் தந்து என்னைத் தேற்றினான். கடைசி வாழ்த்துரை போனதும் உன் கோப்பு முழுசாக இறங்கியது.

கடையில் திறக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்தி, சத்தத்தை உச்சத்தில் வைத்துத் திறந்தேன். அடடா! நெற்றியைச் சுருக்கி அவள் பார்க்கிற பார்வை! மீன்காரன் விலை சொல்லும்போது உன் அம்மா பார்க்கும் அதே பார்வை, அச்சு அசல். பிறகு வாயைத் திறந்தாளே ஒரு அழுகை, கன்னியா வெந்நீரூற்றில் குளித்தவர்கள் எல்லாம் வாளியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அதற்கு மேலே உன் குரல்: "அழாதையடி செல்லம், அம்மம்மா பாக்கிறா."

நான் வெளியே வந்தபோது கதவோரத்தில் அக்கா நின்றா. கையில் விளக்குமாறு. கூட்டவில்லை.

"திறபட்டுதோ?" என்றா, மெல்லமாக.

உள்ளதைச் சொல்லிப் போனை நீட்டியிருக்கலாம். பார்த்திருப்பா, அழுதிருப்பா, பிறகு சுவரோடு கதைக்கப் போயிருப்பா. ஆகவே உன் மாமன் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "இல்லை அக்கா. அனுப்பின ஆள்தான் திறக்கிற முறை சொல்ல வேணும். எனக்குச் சொன்னா விளங்காது. நீங்கதான் கேக்கோணும்" என்றேன்.

"கண்ணில என்ன?"

"தூசி. நீங்க கூட்டின கூட்டு."

என்னை மேலும் கீழும் பார்த்தா. அந்த அழுகை அவ்வளவு கிட்ட நின்றவவுக்குக் கேட்காமலிருக்க வழியில்லை. உன் குரலும்தான். நான் புளுகுகிறேன் என்று அவவுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு நாட்டுத் தூதுவர்கள்போல மரியாதையாக நின்றோம்.

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டா: "கீர்த்தனியின்ர நம்பரைத் தா."

ஓம் பிள்ளை. பெயரைச் சொல்லித்தான் கேட்டா.

வெள்ளி காலை எடுப்பா. உங்களுக்கு அது வியாழன் இரவாயிருக்கும். தொலைபேசியில் கதைப்பதற்கு நல்ல சீலை ஒன்றை மினுக்கி வைத்திருக்கிறா. கண்டிப்பான குரலில், இணைப்பு திறக்கவில்லை, அது சம்பந்தமாகத்தான் எடுத்தனான் என்பா. மாமா பார்த்திட்டாரே என்று உளறிவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எப்படித் திறப்பது என்று ஆறுதலாக, முதலிலிருந்து சொல்லு. விளங்கவில்லை என்பா. திரும்பச் சொல்லு. அப்போதும் விளங்கவில்லை என்பா. நீ அலுக்காமல் சொல்லிக்கொண்டே இரு மகள். இடையில் பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகாதே. போனுக்குக் கிட்டப் பிடி.

கோணநாதர் துணையால் நீங்கள் மூவரும் குறைவின்றி வாழ்வீர்கள். இந்த வியாழன் இரவு மட்டும் போனைத் தூர வைத்துவிடாதே.

உன்மேல் உயிரான,
மாமா சிவகுருநாதன்