இரட்டைக் குழல் தயாராகும் வரை

மஹுவே,
மே மாதக் கடைசி.

ஷமிசோவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் மகளும் வேளைக்குச் சாப்பிட்டு, உயிரோடு இருக்கிறோம். அங்கே இங்கிலாந்துக் குளிரில் நீங்களும் உங்கள் அக்கா வெரோனிகாவும் அப்படியே இருக்க வேண்டுமென்று கடவுளைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் சிக்னல் கிடைக்கும் குன்றின் மேல் எப்போது ஏறினாலும் பாதி ஊர் அங்கே நிற்கிறது. ஒருவர் பேசுவதை எல்லாரும் கேட்கிறார்கள். நான் திட்ட நினைப்பதையெல்லாம் காகிதத்தில்தான் திட்ட முடியும்.

முதலில் அந்தத் துப்பாக்கி செய்கிறவர்களைத் திட்டிக்கொள்கிறேன். போன வருடம் மழைக்கு முன்னால் சொல்லிவைத்தது. அளவெடுக்க நேரில் வர வேண்டும் என்றார்கள், போனீர்கள். கை எவ்வளவு நீளம், தோள் எவ்வளவு சரிவு, கன்னம் துப்பாக்கிக் கட்டையில் எங்கே படுகிறது என்று கல்யாணக் கோட்டுக்கு அளவெடுப்பதுபோல் எடுத்தார்கள் என்று எழுதினீர்கள். படித்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அக்ரூட் கட்டை இன்னும் காய வேண்டுமாம். கட்டை காய்ந்ததும், பூவேலை செதுக்குகிறவருக்கு உடம்பு சரியில்லையாம். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு, இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுட மறுக்கின்றனவாம், பிரித்து மறுபடியும் பற்றவைக்க வேண்டுமாம். ஒத்துப்போகாத இரண்டு பேரை நம் பாதிரியார் ஒரே மத்தியானத்தில் சேர்த்துவைத்துவிடுகிறார். இவர்களுக்கு இரண்டு இரும்புக் குழாயைச் சேர்த்துவைக்க இத்தனை மாதம் போதவில்லை. யானை சுடத் துப்பாக்கி செய்கிறார்களா, யானையையே செய்கிறார்களா என்று அவர்களிடம் கேளுங்கள். நான் கேட்டதாகவே சொல்லுங்கள்.

நீங்களும் அங்கே சும்மா இருக்கவில்லை, அதற்குப் பணம் சேர்க்க முதியோர் இல்லத்தில் ராப்பகலாக வேலை செய்கிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் உங்களை விட்டுவிட்டு அவர்களைத் திட்டுகிறேன்.

இனி எருமை விஷயம். காசு கொடுத்து வேட்டைக்கு வந்த உங்கள் வெளிநாட்டு விருந்தாளி தாழ்வாகச் சுட்டுக் காயப்படுத்திவிட்டாரே, அதே காட்டெருமை. நீங்களும் உங்கள் உதவியாள் கெஃபாசியும் தடம் பிடித்து நாணலுக்குள் போனீர்கள், அது திரும்பி வந்தது, உங்கள் பழைய துப்பாக்கியில் தோட்டா சிக்கிக்கொண்டது, கெஃபாசியின் விலா முறிந்தது. அன்றைக்குத்தானே, இந்தப் பழைய இரும்பை நம்பி இனி நாணலுக்குள் கால் வைக்க மாட்டேன், எருமையை ஒரே அடியில் உட்காரவைக்கிற பெரிய துப்பாக்கி வேண்டும் என்றீர்கள். அந்த எருமை சாகவில்லை. முன்கால் ஒன்றை இழுத்து இழுத்துத் தனியாகத் திரிகிறது. இந்த வருடம் ஆறு சீக்கிரம் வற்றிவிட்டதால், நாங்கள் மணலில் ஊற்றுத் தோண்டும் இடத்துக்குப் பக்கத்து நாணலுக்கே வந்துவிட்டது. பெண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கூட்டமாகத் தண்ணீருக்குப் போகிறோம்.

பக்கத்து முகாமின் வேட்டைக்காரர் கொடோரா வந்திருந்தார். "என்ன அண்ணி, அண்ணன் துப்பாக்கி வாங்கப் போனாரா, பீரங்கி வாங்கப் போனாரா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே அத முடிச்சுத் தர்றேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "அவரு திறந்த கணக்க அவரே மூடுவாரு. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லி, ஒரு குவளை மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். உங்கள் வேட்டை உரிமத்தில் காயம்பட்ட எருமையை இன்னொருவர் முடித்தால் உங்களுக்கு எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாதா? போனிலும் நீங்கள் அதைத்தானே சொன்னீர்கள், யாரும் தொடக் கூடாது, அது என்னுடையது என்று.

அதனால் சீக்கிரம் வாருங்கள். பூவேலை இல்லாவிட்டால் துப்பாக்கி சுடாதா? எருமை பூவைப் பார்த்தா சாகப் போகிறது? ஷமிசோவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்டத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட்சாய்

*

மஹுவே,
ஆகஸ்டு.

ஷமிசோவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை. கெஃபாசியின் மனைவி லிடியாவை எருமை தூக்கி எறிந்துவிட்டது.

காலையில் ஊற்றுக்குப் போயிருக்கிறாள். கூட்டம் சேரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று தனியாகப் போயிருக்கிறாள். குனிந்து மொண்டவளுக்குப் பின்னால் நாணல் அசைந்திருக்கிறது. தொடை கிழிந்து எலும்பு முறிந்துவிட்டது. கொம்பில் மாட்டிய துணி கிழிந்ததால் உயிர் தப்பினாள். அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கொடுத்தது யார் தெரியுமா? நான் மோர் கொடுக்காமல் அனுப்பினேனே, அதே கொடோரா.

நேற்று பார்க்கப் போனேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. லிடியா அழவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. "உன் புருஷன் அவரோட எருமைய எங்க ஊத்துல கட்டிவெச்சிட்டுப் போயிட்டாரே நெட்சாய். எப்ப வந்து அவுத்துக்கிட்டுப் போவாரு?" என்று கேட்டாள். நான் கொண்டுபோன களியையும் கீரையையும் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். கொடோராவைத் தடுத்தது நான்தானே. யாருடைய மானத்துக்காகத் தடுத்தேன்?

குன்றின் மேல் ஏறிப் போனில் உங்களுக்குச் சொன்னேன். ஊரே காது கொடுத்து நின்றது. நீங்கள், "துப்பாக்கி அடுத்த மாசம் வந்துரும்" என்றீர்கள். லிடியாவின் கால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. கெஃபாசி எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. உங்கள் எருமையைத் தேடி முறிந்த அந்த விலா இன்றைக்கும் குளிர் நாளில் அவனுக்கு வலிக்கிறது. அப்படிப்பட்டவனின் பெண்டாட்டி கிழிந்து கிடக்கும்போது உங்களுக்குத் துப்பாக்கி ஞாபகம்தான் வந்தது. எல்லார் முன்னாலும் நான், "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

வனக் காவலர்கள் வந்தார்கள். ஒரு பகல் முழுக்க நிழலில் உட்கார்ந்தார்கள். எருமை வெளியே வரவில்லை, அவர்களும் உள்ளே போகவில்லை. காயப்படுத்தியவரே முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொடோராவிடம் நானே நடந்து போய்க் கேட்டேன், வெட்கத்தை விட்டு. அவர் விருந்தாளிகளோடு கிழக்கே கிளம்பிக்கொண்டிருந்தார், மழை வரும்வரை திரும்ப மாட்டாராம். "அன்னிக்கே சொன்னேனே அண்ணி" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இரக்கத்தோடு சொன்னார்.

துப்பாக்கி வராவிட்டால் போகட்டும். இரும்புப் பெட்டியில் பழையது இருக்கிறது. அதைத் திறந்து பார்த்து எண்ணெய் போட்டு, எங்கே சிக்குகிறது என்று ஹராரேயில் காட்டிச் சரிசெய்து தருகிறேன். நீங்கள் மட்டும் வாருங்கள். வெறும் ஆளாக வாருங்கள் என்கிறேன், புரிகிறதா? ஊரில் பெண்கள் இப்போது என்னோடு தண்ணீருக்கு வருவதில்லை. நான் பின்னால் தனியாகப் போகிறேன்.

நெட்சாய்

*

மஹுவே,
அக்டோபர்.

ஷமிசோவின் அப்பாவுக்கு,

உங்கள் அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னைக் கூப்பிட்டுப் பேசும்போது அவருடைய குரலே சரியில்லை. "நெட்சாய், வீட்டு நம்பருக்கு அந்தத் துப்பாக்கிக் கடைக்காரங்க மறுபடியும் கூப்பிட்டாங்க. ஈஸ்டருக்கு முன்னாடியே ரெடியாம், தம்பி ஏன் இன்னும் வந்து எடுத்துக்கலன்னு கேக்கறாங்க. நான் ஜோரம்கிட்ட சொன்னா, தெரியும்னு சொல்லிட்டு வேலைக்குக் கெளம்பிப் போயிடறான். உனக்கு ஏதாவது புரியுதா?" என்றார்.

ஈஸ்டருக்கு முன்னால். அப்படியென்றால் நான் முதல் கடிதம் எழுதியபோது இரண்டு குழலும் சமாதானமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தன. நான் அந்த மனிதர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உடம்பு சரியில்லாத அந்தப் பூவேலைக்காரருக்கு மனசுக்குள் சாபமே விட்டேன். அவர் இருக்கிறாரா, அவரையும் நீங்களே செய்தீர்களா?

அன்றைக்கே பழைய துப்பாக்கியை வெளியே எடுத்தேன். எனக்குச் சுடத் தெரியும் என்பது உங்களுக்கே தெரியும். வனக் காவலரின் மகள் நான், கரண்டி பிடிப்பதற்கு முன்பே அப்பா அதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார். எங்கே சிக்குகிறது என்று பார்க்கத்தான் கரையான் புற்றின் மீது சுட்டேன். சுட்டேன், காலிக் கூட்டைத் தள்ளினேன், மறுபடி சுட்டேன். தோட்டா வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கேயும் சிக்கவில்லை. கெஃபாசி பக்கத்தில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டேன். "அது எப்பவுமே சிக்கினதில்ல அம்மா. அன்னிக்கு அவரு கையிலருந்து நான்தான் வாங்கினேன். பாதுகாப்புப் பூட்டக்கூட விடுவிக்கல. தோட்டா அப்படியே உள்ள இருந்துச்சு. மனுசன் மரமா நின்னுட்டாரு. எனக்கும் பயந்தான், ஆனா என் கையில தடிதானே இருந்துச்சு" என்றான்.

விலா முறிந்தவன், பெண்டாட்டியின் காலையே ஆஸ்பத்திரியில் எடுக்கும்படி ஆனவன், ஒரு வருடமாக உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு நாள் சாப்பிடாமல் இருங்கள்.

என் கோபத்தை இப்போது முழுவதும் எழுதிவிடுகிறேன். உங்களைப்போல் குரங்கைக் குலச்சின்னமாகக் கொண்ட குலத்தில் பிறந்தவர்கள் ஆபத்து வந்தால் மரம் ஏறுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் ஏறிய மரம் இங்கிலாந்தில் இருக்கிறது. கீழே நின்றது எருமைக் குலத்தில் பிறந்த நான். எங்கள் வீட்டில் எருமைக் கறி வெந்த சட்டியைக்கூடத் தொட மாட்டோம் என்று தெரிந்துதானே என்னைக் கட்டினீர்கள்? என் குலத்தின் மீது என்னையே துப்பாக்கி தூக்க வைத்துவிட்டீர்கள். என் அப்பா இருந்திருந்தால் என்னோடு பேச மாட்டார். உங்களோடும் பேச மாட்டார்.

ஆமாம், போனேன். வனக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, ஷமிசோவைப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் விட்டுவிட்டு, கெஃபாசி முன்னால், நான் பின்னால். சாம்பலைத் தூவிக் காற்று பார்த்துக்கொண்டே போனோம். நாணலுக்குள் மத்தியான வெயிலிலும் ஒன்றும் தெரியவில்லை. கெஃபாசி நின்றான். கையை மட்டும் பின்னால் நீட்டி என் முழங்கையைத் தொட்டான். எதிரே இருந்தது நிழல் என்று நினைத்தேன், அது மூச்சு விட்டது. அது வந்தபோது சுட்டேன். நிற்கவில்லை. தள்ளிவிட்டு மறுபடி சுட்டேன். மூன்றாவது குண்டு எப்போது போனது என்று எனக்கு ஞாபகமில்லை. கெஃபாசி என் தோளைப் பிடித்து உலுக்கி, "போதும்மா, போதும், படுத்திருச்சு" என்ற பிறகுதான் கையை எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் தோள் முழுக்க நீலம். அந்தக் கட்டை உங்கள் அளவு, எனக்கு நீளம் அதிகம், ஒவ்வொரு முறையும் எலும்பிலேயே இடித்தது.

பயம் என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். நானும் மரமாகத்தான் நின்றேன், விரல் மட்டும் எப்படியோ அசைந்துவிட்டது. அடுத்த முறை அசையாமல் போகலாம். அதனால் நீங்கள் பயந்ததற்காக உங்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் அதுவல்ல. இருபது வருடம் அந்தப் புதருக்குள் போய்வந்த மனிதருக்கு ஒரு நாள் பயம் வந்தது, அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கொடோராவுக்கு மோர் கொடுத்திருப்பேன். லிடியா இன்றைக்கு இரண்டு காலில் நடந்திருப்பாள். நீங்கள் பயத்தை ஒளிக்கக் கடல் தாண்டி, இத்தனை பெரிய துப்பாக்கிக்குப் பின்னால் போய் நின்றீர்கள்.

கறியை ஊர் பிரித்துக்கொண்டது. முதல் பங்கு லிடியாவுக்கு. அவள் வாங்கிக்கொண்டாள், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் நேற்று என் குடத்தை அவளுடைய மகள் தூக்கிவந்து கொடுத்தாள். உங்கள் பங்கைக் கெஃபாசி உப்புப் போட்டு உலர்த்தி அவன் வீட்டிலேயே வைத்திருக்கிறான். நீங்கள் வந்து அவன் கையால்தான் அதை வாங்க வேண்டும். அவனுக்கு முன்னால் நிற்பது எருமைக்கு முன்னால் நிற்பதைவிடக் கஷ்டமாக இருக்கும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நாணலில் இப்போது ஒன்றும் இல்லை. பயந்த ஆளாகவே வாருங்கள். அந்த ஆளை எனக்குப் பழக்கம், முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதவர்தானே. துப்பாக்கிக்காகக் காத்திருக்கும் அந்த இன்னொருவரைத்தான் எனக்குத் தெரியாது. அவரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மழைக்கு முன்னால் வந்தால் பேருந்து சேற்றில் மாட்டாது.

வழியில் ஒரு கெடுதலும் வராமல் உங்களைக் கடவுள் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

நெட்சாய்

பி.கு.: கடையில் நிற்பதை அங்கே வீணாக விட்டுவிட வேண்டாம், எடுத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால் கட்டையை ஓர் அங்குலம் அறுக்கச் சொல்லுங்கள். என் கை உங்கள் கையைவிடக் குட்டை.