ஹபீலின் கழுத்துக் கழலையும் டாக்குத்தர் துரையின் பூஞ்செடிகளும்

அனுப்புபவர்: பொதிமாடு ஓட்டும் ஜவாஹிர், வத்தேகம.

பெறுபவர்: கண்டிக் கச்சேரி அரசாங்க ஏஜெண்டுத் துரை அவர்கள்.

விஷயம்: என் மச்சான் ஹபீலின் கழலையை அறுக்க, பணத்துக்குப் பதில் எங்கள் உழைப்பை ஏற்கும்படி கேட்பது.

கனம் பொருந்திய துரை அவர்களே,

1. ஹபீல் என் தங்கை றமீஸாவின் புருஷன். நெல்லும் கொஞ்சம் கோப்பியும் பயிரிடுகிறவர். அவர் தொண்டைக் கழலை மாங்காயாக இருந்து இப்போது தேங்காயாகிவிட்டது. "என் காளைக்குக்கூட இப்படித் தொங்கல்ல மச்சான்" என்று கேலி செய்தவன் நான்தான். ஆனால் இப்போது அவருக்குச் சோறு இறங்குவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் சாய்ந்தே தூங்குகிறார்.

2. அறுத்தால் பிழைப்பார் என்று கண்டி டாக்குத்தர் துரை சொன்னார். மயக்க மருந்துக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் செலவாகுமாம். கோப்பியில் இலைநோய் விழுந்தபின் ஹபீலிடம் காசு ஏது?

3. எங்கள் ஊரில் காசில்லாதவன் வேலைக்கு வேலை செய்து கொடுப்பான். அதை அத்தம் என்போம். ஹபீல் எல்லார் வயலிலும் இறங்கி வேலை செய்தவர்; ஊரார் எல்லாருமே அவருக்கு அத்தம் கடன். ஆகையால் டாக்குத்தர் ஊரில் இல்லாத சமயம், நாங்கள் மண்வெட்டியோடு போய் அவர் பங்களா முற்றத்தைச் சுத்தம் செய்து கொடுத்தோம். துரை அவர்களே, நாங்கள் கோப்பித் தோட்டத்தில் புல் பிடுங்கிப் பழகியவர்கள். கோப்பி தவிர மற்றதெல்லாம் எங்களுக்குப் புல்தான். மூலையில் தானாக முளைத்திருந்த ஒரு கோப்பிக் கன்றை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை வேரோடு பிடுங்கி எரித்தோம். அவை சீமையிலிருந்து விதை வரவழைத்து வளர்த்த பூஞ்செடிகளாம்.

4. மன்னிப்புக் கேட்க ஹபீலையும் கூட்டிப் போனேன். டாக்குத்தர் எங்களைத் திட்டும்போது, வெறும் முற்றத்தில் அந்தக் கோப்பிக் கன்று மட்டும் ராசா மாதிரி நிற்பதை ஹபீல் பார்த்துவிட்டார். சிரிப்பு வந்து, மூச்சடைத்து, முகம் நீலமாகிவிட்டது. திட்டிய டாக்குத்தரே ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். மழைக்கு முன் அறுக்காவிட்டால் ஆள் தப்பாது என்றார். ஆனாலும் கச்சேரி உத்தரவில்லாமல் இலவசமாக அறுக்க அவருக்கு அதிகாரமில்லையாம்.

5. ஆகவே துரை அவர்கள் அந்த உத்தரவைத் தந்தருள வேண்டும். பதிலுக்கு ஆஸ்பத்திரி ரோட்டுக்குக் கல் சுமக்க நாங்களும் என் மாடுகளும் வருவோம். பூந்தோட்டப் பக்கம் மட்டும் தலைவைக்க மாட்டோம்.

6. அறுக்கும்வரை ஹபீல் சிரிக்கவே கூடாது என்பது டாக்குத்தர் கட்டளை. அன்று முதல் றமீஸா என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. அண்ணன் என்றும் பாராமல், "நானா, வாயத் தொறக்கிறதா இருந்தா அப்படியே திரும்பிப் போங்க" என்கிறாள். உள்ளே மச்சான் மூச்சுக்குத் தவிக்க, வெளியே நான் பேச்சுக்குத் தவிக்கிறேன். இரண்டையும் தீர்ப்பது தங்கள் கையெழுத்து ஒன்றே.

வத்தேகம,
1875 மாசி 12.

தங்கை வீட்டு வாசலில் வாய்மூடிக் காத்திருக்கும்,
ஜவாஹிர்