ஆளில்லாத பேக்கேஜ் என்றார்கள், அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

நீ பார்த்துக்கொண்டிருந்த ஜாவா சர்வரை நம் லினக்ஸின் அடுத்த வெளியீட்டிலிருந்து தூக்கிவிடப் பார்த்தார்கள். நான் விடவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நீ என்ன வேலை செய்தாய் என்று செலியமேட்டில் இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. உன் காரியத்துக்கு வந்த அத்தை, "சம்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பொட்டி முன்னாடியே குந்திகினு கெடந்துச்சு பாவம்" என்று என் காதுபடவே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாவாவில் எழுதிய இணையச் செயலிகளை ஓட்டுகிற சர்வர் அது, கணினியில் லினக்ஸ் வைத்திருக்கும் எவரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி அக்காதான் அதைப் பேக்கேஜாகக் கட்டித் தந்தாள் என்றேன். அத்தை காபி டம்ளரை வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். போகட்டும்.

நீ போன பிறகு அந்தச் சர்வரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். சர்வரை எழுதியவர்கள் ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பு விட்டுவிட்டார்கள். நம் லினக்ஸ் குழுவிலோ அதைப் பேக்கேஜில் சேர்க்க ஆள் இல்லை. ஆளில்லாத பேக்கேஜ் எதற்கு, நீக்கிவிடலாம் என்று ஒருவர் குழுவுக்கு மெயில் போட்டார். இதையெல்லாம் இப்போது யார் நம்மிடமிருந்து நிறுவுகிறார்கள் என்றும் கேட்டிருந்தார். உன்னைப் பற்றி எல்லாரும் நல்ல வார்த்தை எழுதினார்கள். எழுதிவிட்டு, நீக்கவும் சம்மதித்தார்கள்.

யார் நிறுவுகிறார்களாம்? நம் ஊர் விவசாயக் குழு நிறுவியிருக்கிறது. நெல் அறுக்கிற மெஷின் எந்த வயலுக்கு எப்போது வரும் என்று போனில் பார்க்க நீ செய்து கொடுத்த பக்கம் அதில்தானே ஓடுகிறது? ஓட்டை அடைபடாவிட்டால் வெளியாள் நுழைந்து மெஷின் வரும் முறையையே மாற்றிவிடலாம். கதிர் முற்றி நிற்கையில் மெஷின் வராமல் மழை வந்தால் யார் பதில் சொல்வது? இதை அப்படியே எழுதினேன். கீழே, பேக்கேஜை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். தவளக்குப்பத்தில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறவள், ஜாவா தெரியும், பேக்கேஜ் கட்டத் தெரியாது, கற்றுக்கொள்வேன் என்றேன்.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் மடிக்கணினியை வயிற்றின் மேல் வைத்துப் பேக்கேஜ் கட்டிக்கொண்டே, திட்ட வந்த நர்ஸிடம் "இந்த ஒரு பில்டு மட்டும் சிஸ்டர்" என்று கெஞ்சினாயே. அன்றைக்கே என்னிடம் ஒப்படைத்திருக்கலாமே அக்கா? நான் மாட்டேன் என்பேன் என்று நினைத்தாயா?

உன் மேசையில் உட்கார்ந்தேன். புதுப் பதிப்பைக் கட்ட, நம் லினக்ஸில் இல்லாத ஜாவா லைப்ரரி, ஒரு துணை நிரல் தொகுப்பு, வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்தே கட்ட வேண்டும், இணையத்திலிருந்து ஆயத்தமாக இழுக்கக் கூடாது என்பது விதி. ஆபீசில் என்னோடு வேலை செய்கிற பெண், தயாராகக் கிடைப்பதை உள்ளே சொருகிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். நான் பார்ப்பேனே. என் வேலையைச் சரிபார்க்க முன்வந்த குழுவின் மூத்தவர், வெளியீட்டுக்கு முன் அதையும் கட்ட நாள் போதாது, இந்த முறை விட்டுவிடுங்கள் என்று மெயில் அனுப்பினார். அதற்கும் முடியாது என்றேன். புதுப் பதிப்பே வேண்டாம். ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, நீ கட்டிய பழைய பதிப்பிலேயே பொருத்தப் போகிறேன் என்றேன். நிரல் வெகுவாக மாறிவிட்டது, பொருந்தாது என்றார். பொருந்தவில்லைதான். ஒவ்வொரு வரியாகக் கையால் மாற்றி எழுதினேன். பில்டு உடைந்தது, திரும்பத் திரும்ப உடைந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா நெட்டை நிறுத்தப் போவதாகச் சொன்னார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமலேயே பேசினார்.

"அதே பொட்டி, அதே நாற்காலி. நீயும் அங்க குந்தாதடி. என்னால பாக்க முடியல."

"குந்துவன்பா. அவ விட்ட எடத்துலதான் குந்துவன்."

அவர் வாசலைவிட்டுத் திரும்பிப் போனார். நெட்டை நிறுத்தவில்லை.

கடைசியில் எல்லாச் சோதனைகளும் தேறின. மூத்தவர் வரிவரியாகப் பார்த்தார், இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார், பதிவேற்றினார். நீக்கும் கோரிக்கையை அதைப் போட்டவரே திரும்பப் பெற்றார். விவசாயக் குழுவின் கணினியில் நானே போய்ப் புதுப்பித்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. உனக்கு அதுதானே பிடிக்கும்?

பராமரிப்பாளர் என்ற இடத்தில் உன் பெயரை எடுக்கச் சொன்னார்கள். பிழைப் புகார்கள் உன் மெயில் முகவரிக்குப் போய்த் திரும்பி வருகின்றன, நியாயம்தான், எடுத்தேன். ஆனால் நீ எழுதிய நிரலுக்கான உரிமைக் குறிப்பில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. அதில் கை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும்தான்.

ஒருநாள் இந்தச் சர்வர் உண்மையாகவே எவருக்கும் வேண்டாததாகலாம். அன்றைக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, மாற்றுவழி காட்டி, நானே நீக்கச் சொல்லி எழுதுவேன். அதுவரை, நீ செத்துப்போனாய் என்ற காரணத்துக்காக மட்டும் இதை யாரும் எடுக்க விடமாட்டேன். இது என் வாக்கு.

உன் பேச்சை ஒருநாளும் கேட்காத தங்கச்சி,
ரேவதி