மணப்பெண்ணை அழவைக்க ஆள் வேண்டும்

பிராங்க்ஸ், நியூயார்க்
பஸ்கா முடிந்த மறுநாள், 1988

என் பிரியமுள்ள பெய்லாவுக்கு,

டொய்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் தங்கை ஹிண்டாவும் மயாமி வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எப்போது போன் செய்தாலும் நீ தூங்குவதாக ஹிண்டா சொல்கிறாள். காலையிலும் தூக்கம், மத்தியானமும் தூக்கம். கடிதம் என்றால் நீ விழிக்கும்வரை காத்திருக்கும், அதனால் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதும், கிளாரினெட்டை உதட்டில் பிடிக்க முடியாமல் போனதும் எங்களுக்குத் தெரியும். நான்தான் ஹிண்டாவைக் குடைந்தெடுத்தேன், அவளைத் திட்டாதே. "குளிர் ஒத்துக்கலை" என்று ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனாயே, இத்தனை வருஷம் ஒரே வேனில் முட்டி இடிக்க உட்கார்ந்து வந்த என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உன்னை நேரில் பார்த்தால் தீரலாம்.

நம் பெண்கள் வாத்தியக் குழுவில் உன் இடத்தில் இப்போது நவோமி என்ற பெண் வாசிக்கிறாள். இசைக் கல்லூரியில் படித்தவள், நல்ல பிள்ளை. சுரம் அத்தனையும் சுத்தம், விம்மல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. "எங்க விம்மணும்னு இதுல எழுதலையே" என்று தாளைப் புரட்டிப் பார்க்கிறாள். வயலின்காரி ஃப்ரூமா தலையில் கை வைத்துக்கொண்டாள். வந்துவிடும், நமக்கும் உடனே வரவில்லை.

பூரிம் பண்டிகைக்கு முன்பு குயின்ஸில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்தோம். அந்தக் கூத்தை நீ கேட்டாக வேண்டும். வழக்கம்போல மணப்பந்தலுக்குப் போகுமுன் மணப்பெண்ணை உட்காரவைத்துப் பாட்டுக் கட்டி அழவைக்க ஒரு பத்கனை அமர்த்தியிருந்தார்கள். பெரிய பேர், பெரிய தொப்பை. மத்தியானம் வேறொரு கல்யாணத்தை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். அந்த மத்தியானப் பெண்ணுக்குத் தாய் இல்லை போலிருக்கிறது. மனுஷர் அதே பாட்டை இங்கேயும் எடுத்துவிட்டார். "பெண்ணே, உன்னைப் பெற்றவள் சொர்க்கத்து ஜன்னலில் நின்று பார்க்கிறாள், அழு" என்று உருகுகிறார். பெற்றவளோ பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஹெரிங் மீனைத் தின்றுகொண்டிருக்கிறாள். அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்து, "ஐயா, நான் இங்கதான் இருக்கேன். கோழி பரிமாறுறதுக்குள்ள என்னைப் புதைச்சுட்டீங்களே" என்றாள். சபை சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் உடனே கண்ணேறு கழிய மூன்று முறை துப்பினாள். ஃப்ரூமா சட்டென்று வேக நடனம் ஒன்றை எடுத்ததால் தப்பித்தோம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ எனக்கும் சேர்த்துத் தூங்குகிறாய் போலிருக்கிறது. காரணம் சொல்கிறேன். என் மகளுக்கு, நம் மின்னாவுக்குக் கல்யாணம். வாரங்களின் பண்டிகை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை. பையன் நல்லவன், கொஞ்சம் மெதுவாகப் பேசுவான், நம் வீட்டுக்கு அது வேண்டியதுதான். மணப்பெண்ணை உட்காரவைக்கும்போது செத்துப்போன தகப்பனைக் கூப்பிட வேண்டுமே. என் லெய்ஸரை எவனோ ஒருவன் கூப்பிடுவான். மத்தியானக் கல்யாணத்தில் கூப்பிட்ட செத்தவனோடு குழப்பிக்கொள்வான். நல்ல உயரம், கம்பீரம் என்று அளந்துவிடுவான். லெய்ஸர் என் தோள் உயரம் என்பதும், வேனை ஓட்டிவந்துவிட்டு மேளத்துக்குப் பின்னால் குறட்டை விடுவான் என்பதும், உன் கிளாரினெட்டைக் கத்துகிற ஆடு என்றே கூப்பிடுவான் என்பதும் அவனுக்கு எப்படித் தெரியும்?

மின்னா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அப்பா பேரை அந்நியன் வாயில கேட்க மாட்டேன்மா. பெய்லா சித்தி சொல்லட்டும். அவங்க வரலைன்னா யாரும் சொல்ல வேண்டாம், நான் அழாமலே மணப்பந்தலுக்குப் போறேன்." அப்பன் செத்த அன்றுகூட அழாத பெண் அது. உனக்குத் தெரியும், துக்கம் காத்த அந்த ஏழு நாளும் தாழ்ந்த முக்காலியில் எங்களோடு உட்கார்ந்திருந்தவள் நீதானே.

ஆமாம், உன்னைத்தான் பத்கனாகக் கேட்கிறோம். வாசிக்க வேண்டாம், பேசு. ஒத்திகையில் எங்களை எதுகை வைத்துத் திட்டாத நாள் உண்டா? "டொய்பா பெட்டியைத் திறந்தா தூங்குறவன் எழுவான், மூடினா எழுந்தவன் அழுவான்" என்று என் அக்கார்டியனைக் கேலி செய்தவள் நீ. பையனின் பெரியப்பா, "பொம்பளை பத்கனா, எங்கேயும் கேள்விப்பட்டதில்லையே" என்று இழுத்தார். பொம்பளை மேளதாளமும் இவர் கேள்விப்படாததுதான், அதற்கு ஆட வரப்போகிறாரே என்றேன்.

ஃப்ரூமாவுக்கு மட்டும் ஒரு தயக்கம். "வாய் கோணியிருக்குன்னு யாராவது சிரிச்சா அவ தாங்குவாளா?" என்றாள். நியாயமான கேள்வி. சிரித்தால் சிரிக்கட்டும், பெய்லா. நீ முதல் நாலு வரி சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். உன் முழு வாயை ஊரே தாங்கவில்லை, பாதி வாய் எங்களுக்குப் போதும்.

நீ வர மறுத்தால் நானே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். போன வாரம் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். "லெய்ஸர்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. வெந்நீர் கொதித்து வற்றும்வரை நின்றேன், வரவில்லை. அவனை அவனாகவே சொல்லத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்திக்குக் குரல் எழவில்லை. மற்றவளுக்கு முகத்தைக் காட்ட வெட்கம்.

உன் படுக்கையை விரித்து வைத்திருக்கிறேன். கடவுள் உனக்கு நல்ல பயணம் தரட்டும். இனி நாம் சந்திப்பதெல்லாம் நல்ல காரியங்களாகவே இருக்கட்டும். முகத்தை மூடாமல் வா, பெய்லா. நான் பார்க்க வேண்டும்.

உன்,
டொய்பா