தாமரை வளாகத்தில் ஒரு பகல்: அறிவர் கடிகைக்கு விடுத்த ஓலை

நிலம் குளிர்க, நீர் நிறைக, கற்பவர் பெருகுக, கற்பிப்பவர் சுருங்கச் சொல்க.

மேற்கே செவ்வரை மலையும், கிழக்கே கடலும், வடக்கே தீராத எல்லைத் தகராறும், தெற்கே இதுவரை எவரும் வேண்டுமென்று கேட்காத உவர்நிலமும் உடைய செவ்வரை நாட்டை ஆள்பவர், பகைவர் முதுகு கண்டவர், தலை நரைத்தும் கார்குழலர் என்றே பாடப்பெறுபவர் ஆகிய கோ வெண்கொற்றனார் திருவாய் மலர்ந்தருளியபடி, நெடுந்துறை அறிவர் கடிகையின் ஆசான்மார்க்கும், மாணாக்கர்க்கும், காவலர்க்கும், அவர்கள் அனைவரையும் உயிரோடு வைத்திருக்கும் மடைப்பள்ளியார்க்கும் விடுக்கும் ஓலை. நாட்டில் அனைவரும் நலம். அங்கும் நலமே விழைகிறோம்.

தொள்ளாயிரம் பேர் தங்கிப் படிக்கும் புதிய கடிகையை ஆற்றங்கரை மேட்டுத்திடலில் எழுப்புவதென்றும், அதன் வரைவை மாணாக்கரே செய்வதென்றும் சென்ற அறுவடையில் ஆணையாயிற்று. வந்த வரைவுகளுள் படைத்தலைவர் மகன் பரிதிவாணன் வரைந்த தாமரை வளாகத்தைக் கடிகைத் தலைவர் பேராசான் வித்தகநம்பியார் தேர்ந்தெடுத்தார். ஓடக்காரர் மகள் சாத்தி வரைந்ததையோ, கல்விக்கூடத்தின் நெற்றியில் அடுக்களையை ஒட்டவைத்த இழிவு என்று தள்ளினார். தள்ளியதோடு நில்லாது, அவள் வரும் பௌர்ணமிக்குள் கடிகையை விட்டு வெளியேற வேண்டுமென்றும் எழுதினார். அவள் முறையீடு தெருவும் குளமும் கண்காணிக்கும் அமைச்சர் எயினனாரிடம் வந்தது.

எயினனார் இதில் அயலார் அல்லர். இளமையில் தலைநகரின் பெருஞ்சதுக்கத்தை வரைந்தவர் அவரே. நூல் பிடித்தாற்போன்ற நான்கு பக்கம், நடுவே மருந்துக்கும் நிழல் இல்லை. அங்காடிப் பெண்டிர் அதை வடகம் காயப்போட வாகான இடம் என்று புகழ்வதை இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே அவர் அதைக் கடந்து அரண்மனைக்கு வருகிறார். உச்சிவேளையில் ஓடியே கடக்கிறார். வரைந்தவனின் பெருமிதம் எவ்வளவு நாள் தாங்கும், செருப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்ற இரண்டு கணக்கும் அவருக்குத் தெரியும்.

அவர் கடிகைக்கு வந்தபோது சந்தனக் கட்டையில் செதுக்கிய தாமரை வளாகத்தின் மாதிரியுரு பட்டுவிரிப்பின்மேல் இருந்தது. பரிதிவாணன் மூன்று நாழிகை பேசினான். எட்டு இதழும் எட்டுத் துறைகளின் மலர்ச்சி என்றான். இதழ்களுக்கு நடுவே உள்ள வட்டமான பொகுட்டின் வெறுமையே அறிவின் நிறைவு என்றான். அந்த நிறைவில் தாகம் எடுத்தால் என்ன செய்வது என்று எயினனார் வினவினார். பேராசான் குறுக்கிட்டு, திடலின் பழங்கிணறு பொகுட்டின் நடுவில்தான் உண்டென்றும், அமுதம் நடுவில்தான் இருக்குமென்றும், அமைச்சர் இன்னும் பெரிதாகக் கேட்கலாமென்றும் அருளினார்.

எயினனார் மேசையைச் சுற்றி வந்து, மேலிருந்து ஒருமுறையும், குனிந்து கண்மட்டத்தில் ஒருமுறையும் பார்த்தார். "பருந்துக்கு நல்ல ஊர்தான். பருந்து ஏதும் படிக்க வருகிறதா?" என்றார்.

பிறகு அவர், நம் பாட்டனார் காலத்தில் இருந்து பின் வழக்கொழிந்த சுண்ணக்கோட்டு முறையை மீட்டார். வரைவைத் திடலில் முழு அளவில் சுண்ணாம்புக் கோடாக இடவேண்டும். கோடு சுவர்; இடைவெளி வாசல். வரைந்தவர் வெயில் ஏறி இறங்கும்வரை வெறுங்காலோடு அதற்குள் வாழவேண்டும். கோட்டைத் தாண்டினால் வரைவு தோற்றது. அது கொத்தர்க்கு உரிய முறை, கற்றோர்க்கு ஒவ்வாது என்று பேராசான் மறுத்தார். கொத்தர் கட்டிய வீட்டில்தான் கற்றோர் குடியிருக்கிறார்கள் என்று சொல்லி, எயினனார் மறுநாளே கோடு இடக் கயிறு பிடிக்கச் செய்தார். பேராசானும், தம் மாணாக்கன்மேல் கொண்ட நம்பிக்கையால், தாமரைக்குள் தாமும் இறங்கினார். அந்நம்பிக்கை மதிக்கத்தக்கதே.

காலையில் எல்லாம் அழகாக இருந்தது. கஞ்சி வைப்பதற்கு மடைப்பள்ளித் தலைவி காரி தண்ணீர் கேட்டபோதுதான், பரிதிவாணன் குடத்தோடு இதழுக்கு இதழ் நடந்து பார்த்தான். எட்டு இதழுக்கும் எட்டு வாசல். எட்டும் வெளியே சுற்றி ஓடும் தேர்வீதியைப் பார்த்தன. பொகுட்டுக்குள் போக ஒரு வாசலும் இல்லை, வைத்தால் மலரின் வடிவம் கெடும் என்பதால். கிணறு பத்தடித் தூரத்தில் தெரிந்தது. அவன் வெறுங்குடத்தோடு கோட்டருகே நின்றான்.

"என்ன தம்பி, கிணத்த சேவிக்கிறீங்களா?" என்று காரி கேட்டாள். "அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு."

வெறுமை தியானத்துக்குரியது என்று பேராசான் விளக்கினார்.

"அப்ப கஞ்சியையும் தியானமாவே ஊத்திடுறேன் ஐயா" என்றாள் அவள்.

ஆற்றுக்கு ஆயிரத்து நானூறு அடி. தேர்வீதியில் நிழல் கிடையாது. பரிதிவாணன் இருமுறை போய்வந்தான். மூன்றாம் முறை குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தான். உச்சிவேளைக்குச் சற்றுப் பின், நாவறண்ட பேராசான் சுற்றுமுற்றும் பார்த்து, வேட்டியை இரு விரலால் உயர்த்தி, கோட்டின்மேல் படாமல் காலை எடுத்து வைத்துக் கிணற்றடிக்குப் போனார். திடலே பார்த்தது.

"ஐயா செவுத்துக்குள்ள பூந்து போறாரு பாருங்கடி" என்று காரி தன் பெண்களிடம் சொன்னாள். "சித்தராத்தான் இருப்பாரு."

இரண்டாம் நாள் சாத்தியின் முறை. ஆற்றைப் பார்த்த முகப்பில் அடுக்களை, அதையடுத்து அதே கிணறு, கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் உறைவிடம், கூரைபோட்ட தெரு. காலைக்கஞ்சி சூடு ஆறாமல் கலத்துக்கு வந்தது. மாணாக்கர் சிரிக்கத் தயாராக வந்து, சாப்பிட்டுவிட்டு, சிரிக்க மறந்தார்கள். ஆனால் எயினனார் யாருக்கும் மாமன் மச்சான் அல்லர். நெல்குற்றும் கொட்டிலில் ஒன்பது பெண்களை உலக்கையோடு நிறுத்தி, குற்றுங்கள் என்றார். சாத்தியைப் பக்கத்திலிருந்த ஏட்டுச்சாலையில் உட்காரவைத்து, படி என்றார். ஒரு வரியை அவள் ஐந்து முறை தொடங்கினாள்.

"உன் வளாகத்தில் வயிறு நிறைகிறது, தலை நிறையவில்லை. நீ கட்ட வந்தது கடிகையா, சத்திரமா?" என்று எயினனார் கேட்டார். பரிதிவாணன் அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

சாத்தி ஏட்டை மூடினாள். "தப்புதாங்கய்யா. எங்களுக்குச் சோறுதான் முதல்ல நெனப்பு வரும். சத்தம் நெனப்பு வரல" என்றாள். பெண்களை நிறுத்தாமல் குற்றச் சொல்லிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். உலக்கை ஓசை மங்கிய இடத்தில் முளை அடித்தாள். பழைய கோட்டைத் தன் காலாலேயே அழித்தாள். முளை அடித்த இடத்தில் மண் சரிந்திருந்தது, அதைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்தாள். வெயில் இறங்கும்போது ஏட்டுச்சாலைக்கு மூன்று பக்கம்தான் கோடு இருந்தது.

வெயில் இறங்குமுன் கோடு முடியாமையால் முறைப்படி அவளும் தோற்றாள். பேராசான் அதையே பிடித்துக்கொண்டு, இருவரும் தோற்றமையால் தாம் எழுதியது எழுதியபடியே நிற்கும், அவள் போகவேண்டும் என்றார். எயினனார் அசையவில்லை. தோற்றதற்காக ஒருவரை அனுப்புவதென்றால் கோட்டைத் தாண்டியவர் முன்னே நடக்கட்டும், வழிகாட்டலுக்கு ஆசானே தக்கவர் என்றார்.

இவ்வழக்கில் பேராசான் பதினோரு ஏடும், எயினனார் ஓர் ஏடும் நம் திருமுன் விடுத்தனர். நாம் சிறியதை முதலில் கேட்டருளி, பெரியதை மழைக்காலத்துக்கு வைத்தருளினோம். அந்த ஓர் ஏட்டில் அமைச்சர் சாத்தியின் வரைவைப் புகழவில்லை. அதை ஏற்கும்படி கேட்கவும் இல்லை. முதல் நாள் தவறு தெரிந்தபின் அதற்கு விளக்கம் சொன்னார்கள். இரண்டாம் நாள் தவறு தெரிந்தபின் முளையைப் பிடுங்கினாள். கட்டடம் விளக்கத்தின்மேல் நிற்காது என்று மட்டுமே எழுதியிருந்தார்.

ஆகவே நம் ஆணை. இரு வரைவும் தேறவில்லை. திடலில் ஒரு செங்கலும் வைக்கற்க. அறுபது நாளில் மீண்டும் கோடு இடுக. பரிதிவாணன் தாமரையை விடமாட்டேன் என்கிறானாம். விடவேண்டா, வாசல் வெட்டுக. இனிக் கடிகையில் வரைவுக்குத் தீர்ப்பளிப்பவர் எவராயினும் அதற்குள் ஒரு பகல் நின்றபின்னரே வாய் திறக்கக் கடவர். சாத்தி கடிகையிலேயே இருக்கக் கடவள். அறுபதாம் நாள் அவள் கோட்டுக்குள் அவளாலேயே வாழ முடியாதாயின் எயினனாரே அவளை ஓடத்தில் ஏற்றிவிடுவார். அதை அவளிடமே சொல்லியிருக்கிறார், அவளும் சரி என்றிருக்கிறாள். அதுவரை அவளைப் போ என்பவர் நம்மைப் போ என்றவர் ஆவார்.

இவ்வோலையைக் கடிகை வாயிலில் அறைந்து, மடைப்பள்ளியார்க்கும் கேட்கும்படி உரக்கப் படிக்க. நாரை முத்திரை இட்டோம். அரக்கு ஆறுமுன் கயிறு எடுக்க.