கழற்றாமல் தூக்கி வந்த தூண்டில்

அன்பு மச்சான் சீலனுக்கு,

இந்த ஒரு வரியை எழுதி இரண்டு நாளாயிற்று. அதற்குக் கீழே எழுதத் தெரியாமல் தாளை மடித்து வைத்திருந்தேன். இன்று சனிக்கிழமை. முன்பெல்லாம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நீயும் நானும் ஏரிக்கரையில் இருப்போம், நீ எதுவும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாய், நான் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். இப்போது சேலையூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். பேசுவதற்கு ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஏரிச் செய்தி. கரைக்குக் குறுக்கே போன மின்கம்பியை மாற்றிவிட்டார்கள். இப்போது அது ஏரிப்பக்கமே வராமல் தெருவைச் சுற்றிப் போகிறது. மனு எழுதியது நான்தான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதும் நான்தான். வேலை முடிந்த அன்று குடியிருப்போர் சங்கத்தார் கரையிலேயே நாலு நாற்காலி போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நீ விழுந்த இடத்திலிருந்து இருபதடி இருக்கும். நான் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன், மச்சான். கைகூப்பிச் சிரித்த படமும் எடுத்தார்கள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ என் தங்கை கிரேஸின் கணவன். வண்டலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எந்தப் பொருளையும் கையில் எடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாய். நான் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார், எதையும் பார்த்தவுடன் கருத்துச் சொல்லிவிடுகிறவன்.

உன்னிடம் ஒரு பழைய ஃபைபர் தூண்டில் கம்பு இருந்தது. ஒன்பதடி, இரண்டு துண்டு, நல்ல கனம். அதை நீ வைத்திருந்த விதத்தைப் பார்த்து நாங்களெல்லாம் சிரித்திருக்கிறோம். மீன் பிடித்து முடித்ததும், தண்ணீரோரத்தில் நின்றபடியே கம்பை இரண்டாகக் கழற்றி, ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, பையில் போட்ட பிறகுதான் கரை ஏறுவாய். வீட்டுக்கு வந்ததும் நைலான் நரம்பு சுற்றிய ரீலின் பிடிப்பைத் தளர்த்தி வைப்பாய். நரம்பில் முதல் இரண்டு முழத்தை விரலிடுக்கில் உருவிப் பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் வெட்டி எறிவாய். நரம்பு ஓடும் வளையங்களுக்குள் ஒரு பஞ்சை விட்டு இழுப்பாய். பஞ்சு மாட்டினால் வளையத்தில் கீறல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், கீறல் இருந்தால் அடுத்த பெரிய மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் நீ யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. நீ பாட்டுக்குச் செய்வாய்.

எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஏன் தெரியுமா? உன் கிழட்டுக் கம்பில் பெரிய கட்லா மீன் மாட்டும். என் புதுக் கம்பில் குட்டி ஜிலேபி மீன்கூட வராது.

உனக்குத் தோள்பட்டை வலி வந்தது, அந்தக் கனமான கம்பை மாற்ற எனக்குச் சாக்காகப் போயிற்று. இரண்டு வாரம் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். பன்னிரண்டடியில் ஒரு கார்பன் கம்பு, தூக்கினால் கையில் எதையோ வைத்திருக்கிறோம் என்றே தெரியாது. உன் பிறந்தநாளுக்காக வரவழைத்தேன். கறுப்பாக, பளபளவென்று இருந்தது. கைப்பிடிக்கு மேலே மட்டும் மஞ்சளாக ஒரு ஸ்டிக்கர், அதில் மின்னல் படம். பார்க்க அசிங்கமாக இருந்தது. நகத்தால் கிள்ளி உரித்தேன். பசை போகத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தேன்.

மச்சான், பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் நான் எழுதுகிற வரி இது: கார்பனின் ஒரு வடிவமான கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பென்சில் முனையை வைத்துப் பல்பு எரியவிட்டுக் காட்டுவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் கம்பும் கார்பன்தான். எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்று சொன்னால் நீ நம்புவாயா? சில நாட்களில் நானே நம்புவதில்லை.

மூன்று சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்தாய். முதல் இரண்டு தடவை, முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாய். மூன்றாவது தடவை லேசாகத் தூறி ஓய்ந்திருந்தது. நீ கழற்றக் குனிந்தாய், நான்தான் அவசரப்படுத்தினேன்.

"எதுக்குடா இதைப் போய்க் கழட்டிக்கிட்டு? வெயிட்டே இல்ல. அப்படியே தோள்ல சாச்சுக்கிட்டு வா."

"பழகிப்போச்சு மச்சான்."

"அது அந்தக் காலத்து ராடு. இது வேற. வா, பசிக்குது."

நீ சிரித்தாய். கம்பை அப்படியே நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு என் பின்னால் ஏறினாய். நான் மீன் போட்ட வலைப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். கரைமேல் ஏறியதும் பின்னால் பட்டென்று ஒரு சத்தம். திரும்பினால் நீ சரிவில் கிடந்தாய். கம்பு எட்டத்தில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது, மேலே மின்கம்பி ஆடிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஆட்டோ ஓட்டுகிற பாபுதான் தன் தூண்டிலை எறிந்துவிட்டு ஓடிவந்தான். உன்னைத் தூக்கித் தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு கேம்ப் ரோடு வழியாகப் பறந்தான். உன் தலை என் மடியில் இருந்தது. போகிற வழியெல்லாம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். நான் உரித்த ஸ்டிக்கரைக் கர்த்தர் தலையில் போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது! போலீஸ்காரர் கேட்டபோது, கம்பி தாழ்வாக இருந்தது என்றேன். அது உண்மைதான், கரையை உயர்த்திய பிறகு கம்பி கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அத்தனை வருஷமாக அதே கம்பிக்குக் கீழே நீ போய் வந்திருக்கிறாய், கம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கம்பி, கம்பி என்று ஊரெல்லாம் கத்தினேன். நான் கத்தக் கத்த எனக்கு நல்ல பெயர் வந்தது.

ஒன்பது மாதம் இப்படியே போயிற்று. சால்வை போர்த்திய மறுநாள் மாடம்பாக்கத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். கிரேஸ் சேமியா உப்புமா செய்து வைத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பரண்மேலிருந்து உன் பழைய ஃபைபர் கம்பை எடுத்துவந்து என் பக்கத்தில் சாய்த்துவைத்தாள்.

"இதை நீங்க எடுத்துக்கோங்கண்ணா. அவருக்காக இவ்ளோ செஞ்சிருக்கீங்க. உங்ககிட்ட இருந்தா அவருக்குச் சந்தோஷமா இருக்கும்."

தட்டை நகர்த்தி வைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கரை உரித்ததை, கழற்ற வேண்டாம் என்று தடுத்ததை. நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

"புதுசா மிக்ஸி வாங்குனாக்கூட உள்ள இருக்கிற பேப்பரைப் படிக்காம அவர் சுவிட்ச் போட மாட்டார். ராடு கூடவும் ஒரு பேப்பர் வந்திருக்குமே. அவர் கேக்கலியா?"

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"நான் படிச்சுட்டேன், ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்."

"படிச்சீங்களா?"

"இல்ல. டப்பாவோட தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஒம்பது மாசமா அந்தக் கரண்ட் கம்பியைச் சபிச்சுக்கிட்டே ஜெபம் பண்ணியிருக்கேன். இங்க உக்காந்து என்கூட சேர்ந்து நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு ஆமென் சொன்னீங்க. எப்படிண்ணா முடிஞ்சுது?"

"என்னை மன்னிச்சிரு கிரேஸ்."

"அதுக்குத்தான் சொன்னீங்களா? உங்களால தூக்க முடியல, என்கிட்ட இறக்கி வச்சிட்டுப் போலாம்னு?" கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே நின்றாள். "ஏரியில இன்னும் அந்த மாதிரி ராடு வச்சிருக்காங்கல்ல? இங்க கம்பி போயிடுச்சு, வேற இடத்துல இருக்குமே. அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"முதல்ல அங்க போய்ச் சொல்லுங்க. என்கிட்ட சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகுது? இனிமே நானா கூப்பிடற வரைக்கும் இங்க வராதீங்க. அந்த ராடு இங்கயே இருக்கட்டும்."

எழுந்து வந்துவிட்டேன். கேட்டைச் சாத்தும்போது உள்ளே அவள் கம்பை மறுபடி பரணில் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை ஏரிக்குப் போனேன். பாபுவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் கையில் கார்பன் கம்பு. அதில் இரண்டை அவர்களுக்குப் பார்த்துச் சொன்னவனும் நான்தான். நின்றபடியே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற குரல் அன்றைக்கு வரவில்லை.

பாபு தூண்டிலைக் கீழே வைத்தான். "இன்னா சார் சொல்ற? அப்போ கம்பி மேல தப்பு இல்லியா?"

"கம்பியும் தாழ்வாத்தான் இருந்துச்சு பாபு. கழட்டாம தூக்கிட்டு வான்னு சொன்னது நான்."

"நான்தான சார் அவர வாரி வண்டில போட்டேன்? இன்னிக்கும் அந்த சீட்டப் பாத்தா பேஜாரா கீது எனக்கு. நீ சால்வ போத்திகினு போட்டோவுக்கு சிரிச்சிகினு நின்னியே சார்!"

அந்த மூன்று பேரில் ஒருவர் தன் கம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், ஸ்டிக்கர் இருக்கிறதா என்று. கலைந்து போகும்போது மூன்று பேரும் தண்ணீரோரத்திலேயே கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். பாபு என்னைக் கடந்து போனான், பார்க்கவில்லை. முன்பெல்லாம் ரயில் ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்தால் "வா சார், குந்து" என்பான். இப்போது வண்டியைத் திருப்பிக்கொள்கிறான்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மச்சான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில், கம்பெனியில், சபையில் எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவன் நீ. நான் படித்துவிட்டேன் என்றதும் ஏன் நம்பினாய்? "எங்கே, அந்தப் பேப்பரைக் கொடு" என்று என்னிடம் மட்டும் ஏன் கேட்காமல் விட்டாய்? மனைவியின் அண்ணன் என்ற மரியாதையா? அந்த மரியாதைக்கு நான் என்ன செய்துவைத்திருக்கிறேன், பார்.

அடுத்த மாதம் உனக்கு முதல் வருஷ நினைவு ஜெபம். கிரேஸ் சபையில் சொல்லிவிட்டாளாம், போதகர் சொன்னார். "நீங்கதானே சார் முன்ன நின்னு நடத்துவீங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். இப்போதெல்லாம் கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். சொல்வதால் நெஞ்சு லேசாகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒவ்வொரு தடவையும் ஒரு முகம் என்னைவிட்டு விலகுகிறது, அவ்வளவுதான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மன்னிப்புக் கேட்டு அவள் வாசலில் போய் இனி நிற்கமாட்டேன். தம்பதியாக நீங்கள் போய்வந்த சபையில் அவள் இருக்கும் ஆராதனைக்கு நான் போகமாட்டேன், வேறு நேரத்துக்குப் போய்க்கொள்வேன். அவளுக்கு எதுவும் தேவைப்பட்டால் என் பெயர் தெரியாமல் செய்வேன். அவள் என்னை ஒருநாளும் கூப்பிடாமலே இருந்துவிட்டாலும், என் தங்கை கல்மனசுக்காரி என்று யாரும் என் காதுபடச் சொல்ல விடமாட்டேன். அவள் செய்ததுதான் சரி.

இப்படிக்கு,
உன் மனைவிக்கு அண்ணனாகப் பிறந்த
எட்வின்