அக்கா மகள் போட்ட நிழல் வழி

பங்குனி, சனிக்கிழமை ராத்திரி.

இன்று புதுக்கோட்டையே என் அக்கா மகள் தேன்மொழியைத்தான் பார்த்தது. கல்லூரிக் கண்காட்சியில் அவள் வைத்தது செல்போனில் ஓடும் ஒரு வரைபடம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கிடக்கும் ஊர் மரங்களின் கணக்கை வைத்து, வெயில் படாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வழி காட்டும். முதல் பரிசு வாங்கினால் சென்னைப் போட்டிக்குப் போகலாம்.

நடுவராக வந்த ஒரு அம்மா, "இந்த மரமெல்லாம் நெசமாவே இருக்காம்மா?" என்று கேட்டார். பிள்ளை வாய் திறக்குமுன் நான் எழுந்துவிட்டேன்.

"பாதி மரம் நான் வச்சதுங்க. வாங்க, காட்டுறேன்!"

பாதி இல்லாவிட்டாலும் ஒன்று வைத்தேன். அதை ஆடு தின்றது என் குற்றமா?

உச்சி வெயிலில் நடுவரம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்தோம். படத்தில் இருந்த புங்க மரம் தெருவில் இல்லை, வெட்டிய அடிக்கட்டைதான் இருந்தது. பரிசு என்னால் போச்சு என்றே நினைத்தேன்.

தேன்மொழி அசரவில்லை. படத்தில் அந்த மரத்தைத் தொட்டு 'இல்லை' என்று அழுத்தினாள். வழி உடனே பக்கத்துச் சந்துக்கு மாறியது. அங்கே வேப்ப மர நிழல் விரிந்து கிடந்தது.

"கணக்கு தப்பா இருந்தா நடக்குறவங்களே திருத்தலாம் மேடம். அதுக்குத்தான் இந்தப் பட்டன்."

நடுவரம்மா நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

முதல் பரிசு! கைதட்டலில் மண்டபத்துக் கூரையே பறந்தது என்று நாளைக்கு டீக்கடையில் சொல்வேன்.

திரும்பும்போது தேன்மொழி, "சென்னைக்கு நீங்களும் வாங்க மாமா. ஆனா அங்கிட்டு வந்து வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

வருகிறேன் என்று சொன்னேன். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.